திறக்காத பொதிகள்

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். கந்தோர்க் கணினி இயந்திரத்தில் இடம் போதவில்லையாம். பழைய கோப்புகளைத் துப்புரவாக்கும்போது ஒரு மூலையில் சில பொதிகள் கிடப்பதைக் கண்டிருக்கிறார். எந்தத் திறப்பாலும் அவை திறபடவில்லை, யாருடையவை என்ற குறிப்பும் இல்லை, அழித்துவிடலாமா மிஸ் என்று கேட்டார். "தொடாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வுபெற்ற கிழவிகளுக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்ததாக வருகிறவர் கேட்காமலே அழித்துவிடுவார்.

எங்கள் தொழிலை வெளியாருக்கு விளக்க நான் எப்போதும் தொலைபேசியிலிருந்துதான் தொடங்குவேன். லைன் இரைந்தால் என்ன செய்கிறோம்? "வெள்ளவத்தை, ஓம், வெள்ளவத்தை, காலி வீதியில" என்று சொன்னதையே கூட்டிச் சொல்கிறோம். பாதியை லைன் விழுங்கினாலும் கேட்பவர் மீதியை வைத்துப் பிடித்துக்கொள்வார். குறிமுறை என்பதன் சாரம் அதுதான். செய்தியோடு கொஞ்சம் மிகையைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சேதமானதை மறுமுனையில் திருத்தலாம். அந்த மிகையை வெறும் கூட்டல் கணக்கால் செய்தால் அதற்கு நேரியல் குறிமுறை என்று பெயர். நான் தொலைத்தொடர்பு வேலையில் சேர்ந்த காலத்தில் சேதம் எங்கள் எதிரி. பிற்காலத்தில் ரகசியம் காக்கும் வேலைக்கு வந்தபோது சேதமே எங்கள் பூட்டாயிற்று. செய்தியை நாமே வேண்டுமென்று பழுதாக்கி அனுப்புகிறோம். குறிமுறையின் உள்ளமைப்புத் தெரிந்தவர் அதைத் திருத்தி வாசிப்பார். தெரியாதவருக்கு அது குப்பை. அந்த உள்ளமைப்புத்தான் திறப்பு. பூட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், திறப்பை நாம் வைத்துக்கொள்வோம்.

இந்தப் பூட்டுக்கு ஒரு பெரிய குறை, அதன் பருமன். மலிவான டேப்லட் ஒன்றில் அதை ஏற்றினால் மூச்சு வாங்கும். அதனால் ஒழுங்குள்ள குறிமுறைகளைப் பாவிக்கிறார்கள். ஒரு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மாலையை ஒரு முத்துத் தள்ளிப் பிடிப்பது போல அதையே தள்ளித் தள்ளிச் சுற்றினால் மற்ற வரிசைகள் கிடைத்துவிடும். பூட்டு சின்னதாகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கள்ளனுக்கும் இனி ஒரு வரிசையைக் கண்டுபிடித்தால் போதும் என்பதை அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. இவ்வகையில் சிலவற்றில், சரியான திறப்பு கையில் இருந்தும் எப்போதாவது ஒரு பொதி திறக்காது. எது திறக்காமல் போகிறது என்பதற்கும் ரகசிய வரிசைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதனால் ஒரு பூட்டை ஒருமுறை பாவித்துவிட்டு எறிந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் விதி. கணக்கு இவ்வளவு போதும். மீதியை உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள்.

அந்தக் கந்தோர் அப்போதும் இப்போதுள்ள இடத்தில்தான் இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை, மேல்மாடி, ரயில் போனால் மேசை ஆடும், உப்புக்காற்றில் எல்லா ஆணியும் துருப்பிடிக்கும். அதை நடத்தியவர் மெரில்டா. கொட்டாஞ்சேனைக்காரி, என் வயதுதான். வாயைத் திறந்தால் துறைமுகத் தொழிலாளியும் ஒதுங்கி நிற்பான். ஆனால் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் ஒரு சொல் கேட்கமாட்டார். காணாமல் போனவர்களின் வீட்டாரிடம் வாக்குமூலம் பதிந்து காப்பதுதான் அவருடைய வேலை. நீதிமன்றம் இப்போது கேட்கப்போவதில்லை, எப்போது கேட்கும் என்றும் தெரியாது. கேட்கும் நாள்வரை சொன்னவரின் குரல் பத்திரமாக இருக்க வேண்டும், சொன்னவரின் பெயர் வெளியே போகக் கூடாது. இருபது முப்பது வருடம் கழித்து வரப்போகும் இயந்திரங்களாலும் உடைக்க முடியாத பூட்டு வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் சாதாரணப் பூட்டை விட்டுவிட்டு இந்தக் குறிமுறைப் பூட்டுக்கு வந்திருந்தார்கள்.

அதை அமைத்தவன் துவாரகன். கெட்டிக்காரன், பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு, ஹெவ்லொக் டவுனில் வீடு. தாய் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பார்சலை மத்தியானத்துக்கு முன்பே முடித்துவிடுவான். அவன் அமைத்த முறை எனக்கு இன்றும் பிடிக்கும். களத்துக்குப் போகிறவர்கள் குரலை டேப்லட்டில் பதிவார்கள். அது உடனே பூட்டப்பட்டு எங்களுக்கு வரும். பொதியில் அனுப்பியவர் பெயர் இருக்காது, எல்லாப் பொதியும் ஒரே நீளம். அனுப்பிய சில மணித்தியாலத்தில் டேப்லட்டில் உள்ளது தானாக அழியும். யாராவது பையைச் சோதித்தாலும் ஒன்றும் அகப்படாது. களத்துக்குப் போகும்போது சொந்தக் கைபேசி கொண்டுபோவதில்லை, அதை வைத்து ஆளைத் தொடரலாம் என்பதால். எல்லாமே பயத்திலிருந்து பிறந்த விதிகள், எல்லாமே சரியானவை.

என்னை அழைத்தது பூட்டைப் பரிசோதிக்க. ஒரே பூட்டை மாதக்கணக்காகப் பாவிக்கிறார்கள் என்பதை முதல் நாளே கண்டேன், கத்தினேன். டேப்லட்டுகள் வடக்கில் இருக்கின்றன, அவை கொழும்புக்குத் திரும்பினால்தான் பூட்டை மாற்றலாம் என்றார்கள். சரி, எந்தப் பொதி திறக்கவில்லை என்று வெளியில் எவருக்கும் தெரியாதவரை கொஞ்ச நாள் தாங்கும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த "தெரியாதவரை"யில்தான் எல்லாம் இருந்தது.

இங்கே என் முதல் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மூளை. ஆனால் மத்தியான இடைவேளையில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடினால் தோற்காமல் எழும்பமாட்டார். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரித்தான் இருப்பார், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் தனக்குப் பாதகமான சீட்டு விழுந்தால் நாக்கால் மெல்ல ஒரு "ச்" கொட்டுவார். தனக்கே தெரியாது. எதிரில் இருப்பவர்கள் பிரயோசனமில்லாத சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, எதற்கு "ச்" வருகிறது என்று கேட்டே துரும்பைச் சொல்லிவிடுவார்கள். அவரிடம் நான் படித்த கணக்கெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த "ச்" புத்தகத்தில் இல்லை.

ஒரு காலையில் நான் தெஹிவளையிலிருந்து ரயிலில் வந்து மேலே ஏறும்போது கந்தோரில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. நாற்காலியில் இருப்பதற்குள் இன்னொரு டிங். மெரில்டா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது டிங்குக்கு நான் துவாரகனைப் பார்த்தேன்.

"என்ன சத்தம் இது?"

"அது மணி மிஸ். ஒரு பொதி திறபடேல்லை எண்டால் அடிக்கும்."

"இவ்வளவு நாளும் நான் கேக்கேல்லையே."

"இவ்வளவு நாளும் கிழமைக்கு ஒண்டு வந்தாலே பெரிசு. நேற்றையில இருந்து கூடிப்போச்சு. மழைக்கு லைன் இழுபடுது போல."

எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது. இரைச்சலோடு வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். ஏதாவது பழுதாக வந்தால் முதலில் லைனைத்தான் திட்டுவோம். ஆனால் லைனில் பழுதான பொதியை இயந்திரம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், அது திறப்புவரை வராது. மணி அடிக்கிறதென்றால் பொதி முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது, திறப்புப் போட்ட பிறகுதான் முரண்டு பிடித்திருக்கிறது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடித்தது.

"இந்த மணி இஞ்ச மட்டும்தானே அடிக்குது?" என்று கேட்டேன்.

துவாரகன் மெரில்டாவைப் பார்த்தான். மெரில்டா கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"அனுப்பின டேப்லட்டிலயும் அடிக்கும் மிஸ்," என்றார். "நான்தான் போடச் சொன்னன். ஒரு தாய் முதல் தரம் வாயத் திறந்து சொல்லியிருப்பா. அது வந்து சேரல்ல எண்டா நம்மட பிள்ளைகளுக்குத் தெரியத்தானே வேணும். மணி அடிச்சா திருப்பி அனுப்புவாங்க. அடிக்கல்லயா, வந்து சேந்திட்டுது எண்டு நிம்மதியா அடுத்த வீட்டுக்குப் போவாங்க."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீங்க பூட்டப் பத்தித்தானே கேட்டீங்க. இது பூட்டு இல்லயே, ஒரு மரியாதை."

எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தை மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் மெரில்டா சொன்னதில் பிழை என்ன? அனுப்பிய பொருள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புவது மனிதர்களுக்குள் இருக்கும் வழக்கம். அதைப் பாதுகாப்பு வரைபடத்தில் யாரும் கீறுவதில்லை. நானும் நாள்முழுக்க அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான், அதில் மணிக்கு ஒரு கோடும் இருக்கவில்லை.

முந்திய கிழமை வடக்கில் ஒரு வீதிச் சோதனையில் எங்கள் பையன் ஒருவனின் பையை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் யார் என்று அவனுக்கும் தெரியாது, சீருடை இல்லை. பையில் ஒரு டேப்லட். அதற்குள் பதிவுகள் ஏற்கெனவே அழிந்திருந்தன, பூட்டு மட்டும்தான் இருந்தது, பூட்டு எவர் கையிலும் இருக்கலாம் என்பதுதானே விதி. அதனால் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இப்போது அந்த டேப்லட்டை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர், நன்றாகப் படித்த ஒருவர், பழுதைத் தான் விரும்பிய ஒழுங்கில் வைத்துப் பொதி பொதியாக அனுப்பிக்கொண்டிருந்தார். எதற்கு மணி அடிக்கிறது, எதற்கு அடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக "ச்" கொட்டிக்கொண்டிருந்தோம்.

துவாரகனுக்கு நான் இரண்டு வசனம் சொன்னதும் விளங்கிவிட்டது. எண்ணிக்கை கூடக் கூட மணிகளுக்குள் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும், அந்த வடிவம்தான் எங்கள் வரிசை. வரிசை போனால் திறப்புப் போயிற்று. திறப்புப் போனால் அந்தப் பூட்டால் இதுவரை பூட்டிய அத்தனை பொதியும் போயிற்று. வழியில் அவற்றைப் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு தாயின் பெயர், ஊர், யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று அவர் சொன்ன பெயர். சொன்னவர்கள் இன்னும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். சொல்லப்பட்டவர்களும் பல இடங்களில் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

"அந்த டேப்லட்டை மட்டும் வெட்டிவிட ஏலாதா?" என்றார் மெரில்டா.

"ஆர் அனுப்பினது எண்டு எங்களுக்கே தெரியாதே அன்ரி," என்றான் துவாரகன். "அப்பிடித்தானே கட்டினனாங்கள். மணி எல்லா டேப்லட்டுக்கும் போகும், அந்தப் பொதியை அனுப்பினது மட்டும்தான் அடிக்கும்."

"அப்ப மணிய மட்டும் நிப்பாட்டுங்க."

அதில்தான் சிக்கல். நேற்றிலிருந்து அடித்த மணிகளில், இன்றைக்கு அடிக்கப்போகிறவற்றில், ஒன்றிரண்டு உண்மையானவையாக இருக்கலாம். களத்தில் எங்கள் பிள்ளைகள் அன்றும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மணியை நிறுத்தினால், திறக்காத பொதியை அனுப்பியவர் அது சேர்ந்துவிட்டது என்று நம்புவார். சில மணித்தியாலத்தில் டேப்லட்டில் உள்ளது அழிந்துவிடும். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லக் கைபேசியும் இல்லை, டேப்லட்டுக்கு மணியைத் தவிர வேறொன்றும் போகாது. முழு இயந்திரத்தையும் நிறுத்தினாலும் இதே கதைதான், மணி அடிக்காது.

துவாரகன் ஒரு வழி கண்டுபிடித்தான். "எல்லாத்துக்கும் மணி அடிப்பம் மிஸ். திறந்ததுக்கும் அடிப்பம், திறக்காததுக்கும் அடிப்பம். அவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்கட ஆக்கள் எல்லாரும் பதிவை அழிக்காமல் வச்சிருந்து திருப்பி அனுப்புவினம். ஒண்டும் துலையாது."

கணக்கில் அது முழுக்கச் சரி. கரும்பலகையில் எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். மெரில்டாதான் உடனே தலையை ஆட்டினார்.

"மணி அடிச்சா பதிவு டேப்லட்டில நிக்கும். சுபா இண்டைக்குப் பின்னேரம் பஸ்ஸில ஏறுறாள். மத்தப் பிள்ளைகளும் ரோட்டிலதான் நிப்பாங்க. போன கிழமை பைய வாங்கினவங்க இண்டைக்கும் வாங்குவாங்க. பைக்குள்ள குரல் இருக்கும், பெயர் இருக்கும், கொண்டுபோற பிள்ளையும் இருக்கும்."

ரயில் ஒன்று போயிற்று, மேசை ஆடிற்று, டிங் என்று மணி அடித்தது. மூன்று வழிகள்தான். உண்மையைச் சொல்லி மணி அடித்தால் எல்லோரையும் காட்டிக்கொடுப்போம். பொய்யாக எல்லாவற்றுக்கும் அடித்தால் வீதியில் நிற்கும் பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கலாம். அடிக்காமல் விட்டால் ஒரு தாயோ இரண்டு தாய்மாரோ சொன்னது இல்லாமல் போகும், அவர்களுக்கு அது தெரியவும் வராது. யார் அவர்கள் என்று அந்த நேரம் எங்களுக்குத் தெரியாது. தெரியாதவரைக் கைவிடுவது லேசு, அதுதான் இந்த வேலையின் ஆபத்து.

"நிப்பாட்டுவம்," என்றேன்.

மெரில்டா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "நீங்களே நிப்பாட்டுங்க மிஸ். எனக்குக் கை வராது."

நான்தான் நிறுத்தினேன். பொதிகள் வந்துகொண்டே இருந்தன, திறக்காதவை ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே இருந்தன, கந்தோரில் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் மறுபக்கத்தார் இன்னும் வேகமாக அனுப்பிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பிறகு துவாரகன் அதுவரை அடித்த மணிகளை வைத்துத் தானே கள்ளனாக இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தான். வரிசையில் பாதிக்கு மேல் அவன் கைக்கு வந்துவிட்டது. அன்று முழுக்க அடித்திருந்தால் மீதியும் வந்திருக்கும் என்றான்.

இந்தத் தீர்மானம் பிழை என்று நான் இன்றும் நினைக்கவில்லை. நாளைக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நீங்களும் இதையே செய்ய வேண்டும். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் யார் யாரிடம் பதிந்தேன் என்று சொல்ல, மெரில்டா திறந்த பொதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றே ஒன்று குறைந்தது. சுபா பதிந்தது. சுபா முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண், அதிகம் கதைக்காதவள். விசயத்தைச் சொன்னதும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"அந்த அம்மா இவ்வளவு வருசமும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை," என்றாள். "ஆணைக்குழு வந்தும் சொல்லேல்லை. மூண்டு தரம் போய் நான் சும்மா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான். நாலாம் தரம்தான் சொன்னவ. சொல்லி முடிய, இது போய்ச் சேருமோ பிள்ளை எண்டு கேட்டா. ரெண்டு பேரும் டேப்லட்டைப் பாத்துக்கொண்டு இருந்தம். மணி அடிக்கேல்லை. போய்ச் சேந்திட்டுது அம்மா எண்டு நான் சொன்னனான். என்ர கையைப் பிடிச்சு அழுதவ."

நீ கேட்டதை வைத்து நீயே எழுதித் தா என்று துவாரகன் கேட்டான். சுபா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். வாக்குமூலம் என்றால் சொன்னவரின் குரல். கேட்டவரின் ஞாபகம் அதற்கு ஈடாகாது.

திறக்காமல் சேர்ந்தவற்றில் அந்த அம்மாவின் பொதி எங்கேயோ இருந்தது. பூட்டு மாற்றி, பெரிய பாரமான ஒழுங்கற்ற குறிமுறைக்கு எல்லா டேப்லட்டையும் கொண்டுவந்த பிறகு, நாங்கள் அந்தக் குவியலைப் பிடித்தோம். இயந்திரம் அவசரத்தில் கைவிட்டதை ஆறுதலாக வேறு வேறு விதமாக முயன்றால் பெரும்பாலும் திறக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாம் கள்ளன் அனுப்பியவை, உள்ளே ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு கொத்து மட்டும் எதற்கும் மசியாமல் நின்றது. அவருடையது அதற்குள்தான் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே நீளம், பெயர் இல்லை. எது அவருடையது என்று நாங்கள் கட்டிய முறைப்படி எங்களுக்குத் தெரியாது.

சுபா திரும்பிப் போய்ச் சொல்வதாகத்தான் இருந்தது. இரண்டு தரம் போனாள், சொல்லாமல் வந்தாள். சொன்ன பிறகு அம்மா நித்திரை கொள்கிறாவாம், முகம் தெளிந்திருக்கிறதாம், எப்படிச் சொல்ல என்று கேட்டாள். நாட்கள் போயின.

பிறகு அந்த அம்மாவே வந்தார். கண் வைத்தியத்துக்குத் தெஹிவளையில் தங்கையின் மகள் வீட்டுக்கு வந்தவர், சுபாவிடம் விலாசம் கேட்டு ஒரு முற்பகல் எங்கள் படியேறினார். மெலிந்த உருவம், வெள்ளைச் சேலை இல்லை, நீலத்தில் பூப்போட்டது, நெற்றியில் பொட்டு. ஒரு பையில் பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்திருந்தார், கந்தோர்ப் பிள்ளைகளுக்கு என்று. மெரில்டா தேத்தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிந்ததும் அவர் கேட்டார்:

"என்ர மோன்ர கதை எங்க வச்சிருக்கிறியள்? ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

துவாரகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். உங்களுக்குத் தெரியுமே, இயந்திரம் இருக்கும் அந்த இரும்பு அலுமாரி. அதற்குள் என்றேன். அவர் கிட்டப் போய், காய்ச்சல் பார்ப்பதுபோல அதன் கதவில் புறங்கையை வைத்தார். அலுமாரி சூடாகத்தான் இருக்கும், இயந்திரம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால். கையை எடுக்கவில்லை.

அப்படியே அனுப்பியிருக்கலாம். மெரில்டா கதவடியில் நின்று, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். ஆனால் ஒருமுறை சத்தமில்லாமல் அவரை ஏமாற்றியாயிற்று. அது வேறு ஆட்களைக் காப்பாற்ற. இன்னொருமுறை ஏமாற்றினால் அது என்னைக் காப்பாற்ற மட்டும்தான்.

சொன்னேன். எல்லாவற்றையும் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். மணி, பையை வாங்கியவர்கள், ஏன் நிறுத்தினோம், நிறுத்தியது நான் என்பது. முடிந்ததும் அவர் கேட்டார்:

"அப்ப அது இதுக்குள்ள இல்லையோ?"

"இருக்குது அம்மா. திறக்கேலாமல் இருக்குது."

"எது எண்டு காட்டுங்கோ."

"எது எண்டும் தெரியாது. கொஞ்சம் கிடக்குது. அதில ஒண்டு."

அவர் கையை அலுமாரியிலிருந்து எடுத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபம் இல்லை.

"இருக்குது, ஆனால் காட்டேலாது. எது எண்டும் தெரியாது," என்று என் வார்த்தைகளையே மெல்லத் திருப்பிச் சொன்னார். "கேக்கப் போன எல்லா இடத்திலயும் என்ர மோனைப் பற்றி இதைத்தானே பிள்ளை சொன்னவை."

மெரில்டா வந்து அவர் தோளைப் பிடித்து, இங்கேயே இப்போதே இன்னொரு தரம் பதியலாம், கதவைச் சாத்திவிடுகிறேன் என்றார். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"என்னால ஒருக்காத்தான் சொல்லேலும்," என்றார். "சொன்னது இஞ்சதானே கிடக்குது. நீங்கள் தேடுங்கோ."

படியிறங்கும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார், கண் தெளிவில்லை. நான் ஒழுங்கை முனைவரை கூடப் போய் ஓட்டோ பிடித்துக்கொடுத்தேன். சாரதியிடம் சிங்களத்தில் இடத்தைச் சொன்னேன். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பணியாரத்தை அன்று யாராலும் சாப்பிட முடியவில்லை. மெரில்டா அதைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் கோயிலடியில் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மா இப்போது இல்லை. போன மாரி மழைக்காலத்தில் போய்விட்டார் என்று சுபா சொன்னாள். கடைசிவரை இன்னொருவருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் தொலைபேசியில் கேட்ட பொதிகள் அவைதான். அதே கோப்புறையில் துவாரகன் எழுதிய ஒரு நிரலும் இருக்கும். ஆறுதலாக, மாற்றி மாற்றி முயல்வது அதன் வேலை. அவன் வெளிநாட்டுக்குப் போகும்வரை அதை ஓடவிட்டான். பிறகு நான் ஓய்வுபெறும்வரை ஓடவிட்டேன். மின்சாரம் போய் வந்தால் அது தானாகத் தொடங்காது, ஒருவர் கையால் தொடக்கிவிட வேண்டும். இயந்திரத்தில் இடம் போதாதென்றால் வேறு எதையாவது அழியுங்கள். காலையில் வந்து கதிரையில் இருப்பதற்கு முதல் அது ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நின்றிருந்தால் தொடக்கிவிடுங்கள். நாங்கள் தேடுவோம் என்று அந்த அம்மா நம்பிப் போயிருக்கிறார்.